கிட்னி பெயிலியர் ஆனவர்கள் சென்னையில் உதவிகளுக்கு விண்ணப்பிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் அண்ணனுக்கு டயாலிசிஸ் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அவர் உள்ளே மெஷினோடு படுத்திருக்க, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். புதிதாக வருகிறவர்களை அந்தப் பெஞ்சில்தான் பார்க்கிறேன். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை, அதற்குள் கலைந்து கிடக்கும் ரிப்போர்ட்டுகள், "எங்கே போய் என்ன எழுதிக் கொடுக்கணும்?" என்ற கேள்வி.

கேட்டு வாங்க வேண்டிய உதவிகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் எதை முதலில் கேட்பது, எதை அதற்கப்புறம் கேட்பது என்ற வரிசை தப்பினால் சில உதவிகள் கைநழுவிப் போகும். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு போயின. அதனால் இதை வரிசைப்படியே எழுதியிருக்கிறேன். நடுவில் உங்களுக்குப் பொருந்தாத படி வந்தால் தாண்டிப் போகலாம், வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

1. மாற்றுத்திறனாளி சான்றிலிருந்து தொடங்காதீர்கள்

பெஞ்சில் உட்காரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது இதைத்தான்: "ஊனச் சான்று வாங்கினால் மாசம் பணம் வருமாமே?" 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. தலசீமியா, ஹீமோபிலியா, பார்க்கின்சன் எல்லாம் அதில் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை.

எனவே டயாலிசிஸ் செய்துகொள்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோ, அதை வைத்துத் தரும் மாத உதவித்தொகையோ கிடைக்காது. இது தெரியாமல் மருத்துவக் குழு, மாவட்ட அலுவலகம் என்று அலைந்து இரண்டு மூன்று மாதத்தைத் தொலைத்தவர்கள் பலர். அந்த மூன்று மாதத்தில்தான் வேலை சார்ந்த உரிமைகளைக் கேட்டிருக்க வேண்டும்.

சர்க்கரை நோயால் கண் பார்வை போயிருந்தாலோ, காலை எடுத்திருந்தாலோ கதை வேறு. அதை 10-ஆவது படியில் சொல்கிறேன்.

2. ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள்

வேலையில் இருக்கும் ஒருவருக்கு டயாலிசிஸ் தொடங்கியதும் வீட்டில் முதலில் எழும் பேச்சு, "வேலையை விட்டுடு, உடம்பைப் பார்" என்பதுதான். பாசத்தில் சொல்வது. ஆனால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பணம், பி.எப். (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் சேமநிதி) இயலாமை பென்ஷன் இரண்டுமே வேலையில் இருக்கும்போது நோய் வந்தவருக்கு உரியவை. கடிதம் கொடுத்துவிட்டுப் போய்க் கேட்டால், "நீங்களே சொந்த விருப்பத்தில் விலகியிருக்கிறீர்களே" என்பார்கள்.

அண்ணனுக்கு இதுதான் நடந்தது. அவர் லேத் ஆபரேட்டர். கம்பெனியில் மேலாளர் தன்மையாகப் பேசி, "சொந்தக் காரணங்களுக்காக" என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டார். அந்த ஒரு வரியின் விலை எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பதிலாக விடுப்புக் கடிதம் கொடுங்கள், மருத்துவச் சான்றையும் சேர்த்து. ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைக் கோப்பில் வையுங்கள். ஈ.எஸ்.ஐ. உடல்நலக்குறைவுப் பணம் வாங்கும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது. 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆவது பிரிவு அதற்காகவே எழுதப்பட்டது.

3. கோப்பு தயார் செய்தல்

ஜவுளிக்கடைப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு பாக்ஸ் பைல் வாங்குங்கள். ஒவ்வொரு ஆவணத்திலும் ஐந்து ஜெராக்ஸ். அசலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

மருத்துவப் பக்கத்தில் இருக்க வேண்டியவை: நோய் உறுதியான நாளின் கிரியாட்டினின், இ.ஜி.எப்.ஆர். ரிப்போர்ட்டுகள் (சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் சோதனைகள்), வயிற்று ஸ்கேன், பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடக் கையில் ரத்தக்குழாய்களை இணைப்பது) ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் டயாலிசிஸ் நடந்த தேதி தெரியும் தாள், கடைசி மூன்று மாத டயாலிசிஸ் சார்ட்டுகள். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனை முடிவுகளையும் சேர்த்து வையுங்கள். உதவித்தொகைக்கு அது தேவைப்படாது. ஆனால் டயாலிசிஸ் இடம் மாறும்போது எந்த யூனிட்டிலும் முதல் கேள்வி அதுதான், ஏனென்றால் தொற்று உள்ளவர்களுக்கு மெஷினைத் தனியாக வைப்பார்கள்.

இன்னொரு பக்கத்தில் ஆதார், குடும்ப அட்டை, பான் அட்டை, வங்கிப் பாஸ்புக், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. எண், பி.எப். யு.ஏ.என். எண்.

இப்போது எல்லாத் தாளையும் மேசையில் பரப்பிப் பெயரை மட்டும் படியுங்கள். நம் ஊர் இனிஷியல் பிரச்சினை இங்கேதான் கழுத்தறுக்கும். ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், பி.எப்.-இல் முன்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக, குடும்ப அட்டையில் இனிஷியலே இல்லை. கணினிக்கு இவர்கள் நான்கு தனித்தனி ஆட்கள். ஆதாரை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கேற்பத் திருத்தத் தொடங்கிவிடுங்கள். திருத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த படிக்குப் போகலாம், ஆனால் தொடங்காமல் போகாதீர்கள்.

4. டாக்டரிடம் வாங்கும் கடிதம்

இந்த ஒரு கடிதம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அச்சாணி. "இவர் சிறுநீரக நோய்க்காக என்னிடம் சிகிச்சை பெறுகிறார்" என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அதை வைத்து எந்த அதிகாரியும் எதையும் முடிவு செய்ய முடியாது. நோயின் அளவு, தொடங்கிய நாள், மீளுமா மீளாதா, வேலை செய்ய முடியுமா முடியாதா, இந்த நான்குக்கும் அதில் விடை இருக்க வேண்டும்.

கடிதத்தில் வர வேண்டியவை இவை: சி.கே.டி. (நாள்பட்ட சிறுநீரக நோய்) 5-ஆம் நிலை அல்லது இறுதிநிலைச் சிறுநீரகச் செயலிழப்பு என்ற தெளிவான பெயர். இரண்டு சிறுநீரகங்களும் மீளாத அளவுக்குச் செயலிழந்துவிட்டன என்ற வாக்கியம். முதல் டயாலிசிஸ் தேதி. வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை மணி நேரம். பிஸ்டுலா எந்தக் கையில். நெப்ராலஜிஸ்ட்டின் (சிறுநீரக நிபுணர்) பெயர், படிப்பு, பதிவு எண், முத்திரை.

அப்புறம், வேலை. "கனமான வேலை செய்யக் கூடாது" என்று பொதுவாக எழுதினால் போதாது. அண்ணன் வேலை லேத்தில். பிஸ்டுலா கையால் பாரம் தூக்கக் கூடாது, டயாலிசிஸ் முடிந்த நாளில் நின்றுகொண்டு வேலை பார்த்தால் தலைசுற்றும், வாரத்தில் மூன்று நாள் ஷிப்டுக்கே போக முடியாது. இவற்றை எழுதினால்தான் 'இந்த வேலையை இவரால் செய்ய முடியாது' என்பது படிப்பவருக்குப் புரியும்.

டாக்டர்களுக்கு நேரம் இருக்காது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை மாதிரி இடத்தில் ஓ.பி. நாளில் போய், "சார், விவரமா ஒரு லெட்டர்" என்றால் கிடைப்பது ஒரு வரிதான். மேலே சொன்ன விவரங்களை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். டயாலிசிஸ் டெக்னீஷியனிடம் கேட்டால் ரிஜிஸ்டர் பார்த்து முதல் தேதியைச் சொல்லிவிடுவார். டாக்டர் அதைச் சரிபார்த்துத் தன் வார்த்தையில் எழுத ஐந்து நிமிடம் போதும். நாங்கள் பார்த்தவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

5. ஈ.எஸ்.ஐ.: முதலில் போக வேண்டிய இடம்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், இதுதான் உங்களுக்கு மிகப் பெரிய உதவி. பலர் ஈ.எஸ்.ஐ. என்றால் மாத்திரை வாங்கும் இடம் என்றே நினைக்கிறார்கள். சம்பளம் நின்ற காலத்துக்குப் பணமும் தருவார்கள்.

முதல் கட்டம் உடல்நலக்குறைவுப் பணம். தினசரிச் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. இதற்கு அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். இந்தக் காலக் கணக்கில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்குப் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்குப் பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை. பிப்ரவரியில் படுத்தீர்கள் என்றால், முந்தைய ஏப்ரல்–செப்டம்பரில் 78 நாள் இருக்கிறதா என்று பாருங்கள். கடந்த மாதம் கட்டினேனே என்று வாதாடிப் பயனில்லை.

இரண்டாம் கட்டம் நீட்டிக்கப்பட்ட உடல்நலக்குறைவுப் பணம். 34 நீண்டகால நோய்களுக்கு இது உண்டு. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. சம்பளத்தில் 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை. நிபந்தனைகள்: இரண்டு ஆண்டு தொடர் வேலை, முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் மொத்தம் 156 நாள் பங்களிப்பு. தினச் சம்பளம் 500 ரூபாய் உள்ளவருக்கு முதல் கட்டத்தில் நாளுக்கு 350, இரண்டாம் கட்டத்தில் 400. டயாலிசிஸ் வீட்டில் அந்த 400 ரூபாய் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் கைநழுவிப் போன முதல் உதவி இதுதான்.

செய்ய வேண்டியது: உங்களுக்கு ஒதுக்கிய ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் அங்குள்ள மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். அவர் கே.கே. நகர் அல்லது அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பார். நிபுணரின் கருத்து அங்கேயிருந்து வர வேண்டும். வெளி மருத்துவமனைக் கடிதத்தை மட்டும் கிளை அலுவலகத்தில் நீட்டினால் நகராது. 4-ஆவது படியில் வாங்கிய கடிதம் இங்கே துணைச் சான்று, ஈ.எஸ்.ஐ. டாக்டர் தரும் சான்றுதான் அடிப்படை.

பெரிய தவறு ஒன்று உண்டு. முதல் சான்று வாங்கிவிட்டு, உடம்பு முடியவில்லை என்று அடுத்த சான்றுக்குப் போகாமல் விடுவது. இரண்டு சான்றுகளுக்கு நடுவில் விடுபட்ட நாட்களுக்குப் பணம் வராது. டயாலிசிஸ் திங்கள், புதன், வெள்ளி என்றால் செவ்வாயைச் சான்று நாளாக வைத்துக்கொள்ளுங்கள், யாராவது ஒருவர் கூடப் போகட்டும்.

6. பி.எப்., இயலாமை பென்ஷன், பணிக்கொடை

ஈ.எஸ்.ஐ. காலம் முடியப் போகிறது, இனி வேலைக்குத் திரும்ப முடியாது என்று தெளிவான பிறகு இந்தப் படி. அதற்கு முன் வேண்டாம்.

பி.எப். கணக்கில் இரண்டு பானை இருக்கிறது. ஒன்று சேமநிதி, இன்னொன்று பென்ஷன் நிதி. நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய இயலாமல் போனவருக்குப் பென்ஷன் நிதியிலிருந்து மாதப் பென்ஷன் உண்டு. சாதாரணப் பென்ஷனுக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும். இயலாமை பென்ஷனுக்கு அது வேண்டாம், ஒரு மாதப் பங்களிப்பு இருந்தாலே போதும். நோய் வேலையால் வந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் வேலையில் இருக்கும்போது இயலாமை ஏற்பட்டிருக்க வேண்டும். 2-ஆவது படி ஏன் அவ்வளவு முன்னால் வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

விண்ணப்பம் 10டி படிவத்தில். அப்புறம் மருத்துவக் குழு முன் போக வேண்டும். அவர்கள் பார்ப்பது, நீங்கள் பார்த்துவந்த வேலையை இனிச் செய்ய முடியுமா என்பதைத்தான். அதனால்தான் டாக்டர் கடிதத்தில் வேலையின் தன்மை வர வேண்டும் என்றேன். சென்னையில் பி.எப். அலுவலகம் ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கிறது. அம்பத்தூர், தாம்பரம் பகுதிக் கம்பெனிகளுக்கு அங்கங்கே தனி அலுவலகம். உங்கள் வீடு எங்கே என்பது கணக்கில்லை, கம்பெனி எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று பாருங்கள்.

இங்கே நடக்கும் தவறு கொடுமையானது. வேலையை விட்ட பிறகு கணினி மையத்தில் போய் 19, 10சி இரண்டு படிவத்தையும் சேர்த்தே போட்டுவிடுகிறார்கள். 19 சேமநிதியை எடுப்பது, அதில் கெடுதல் இல்லை. 10சி போட்டுப் பென்ஷன் நிதியையும் எடுத்துவிட்டால், பென்ஷன் கேட்க அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது. அண்ணன் கையில் சில ஆயிரம் வந்தது, பென்ஷன் போனது. எங்கள் இரண்டாவது இழப்பு அது. குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 1,000 ரூபாய்தான், "இதுக்கா இவ்வளவு" என்று தோன்றும். பென்ஷன்தாரருக்குப் பின் அவர் மனைவிக்கும் அது தொடரும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பணிக்கொடைக்கு (கிராஜுட்டி) ஐந்து ஆண்டு சேவை வேண்டும் என்பது பொது விதி. நோயால் தன் வேலையைச் செய்ய முடியாமல் போனவருக்கு அந்த ஐந்து ஆண்டு நிபந்தனை இல்லை. மூன்று ஆண்டு வேலை பார்த்தவரும் கேட்கலாம். கடைசியாகக் கொடுக்கும் விலகல் கடிதத்தில் "சிறுநீரகச் செயலிழப்பால் என் பணியைத் தொடர இயலாத நிலையில்" என்று காரணத்தை எழுதுங்கள், விலகிய 30 நாளுக்குள் பணிக்கொடைக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

7. வருமானச் சான்று

இனி வருவது வேலை சாராத உதவிகள். அதில் பலவற்றுக்கு வருமானச் சான்று வேண்டும், ஆகவே அதை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய். முதல் முறை என்றால் கேன் எண் ஒன்று போடுவார்கள், அதைக் குறித்து வையுங்கள், அடுத்த ஒவ்வொரு சான்றுக்கும் அதே எண்தான்.

முகவரியில் சென்னை என்று இருப்பதால் சென்னை மாவட்டம் என்று நினைக்காதீர்கள். பல்லாவரம், தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம். ஆவடி, பூந்தமல்லி திருவள்ளூர். குன்றத்தூர் காஞ்சிபுரம். மாறாக அம்பத்தூர், மதுரவாயல், ஆலந்தூர், மாதவரம், திருவொற்றியூர், சோழிங்கநல்லூர் எல்லாம் 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தவை. தாலுகாவைத் தப்பாகப் போட்டால் விண்ணப்பம் வேறு தாசில்தாரிடம் போய்த் திரும்பி வரும்.

வருமானத்தைக் குறைத்து எழுதச் சொல்லி யோசனை தருபவர்கள் இருப்பார்கள். விசாரணைக்கு ஆள் வருவார், அப்போது மாட்டும். சம்பளம் நின்றுபோயிருந்தால் அந்த உண்மையையே காட்டலாம்: சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறார் என்று கம்பெனியிடம் ஒரு கடிதம், வங்கிக் கணக்கு விவரம். போன வருடச் சம்பளத்தை வைத்துத் தகுதி இல்லை என்று நீங்களே முடிவு செய்து ஒதுங்கிவிடாதீர்கள்.

8. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. டயாலிசிஸ், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை இரண்டும் இதில் வரும். கையில் பணமாக வராது, ஆனாலும் மாதச் செலவில் பெரிய கல் இறங்கும்.

முதலில் உங்களிடம் ஏற்கெனவே அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய காப்பீட்டு அட்டை பீரோவில் கிடப்பது தெரியாமல் புதிதாக விண்ணப்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் குடும்ப அட்டை எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சென்னைக்கு அது ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை. பீச் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கும் தூரம், ஆனால் டயாலிசிஸ் நோயாளியை வெயிலில் நடக்க வைக்காதீர்கள், தண்ணீர்க் கட்டுப்பாடு இருப்பவருக்குத் தாகம் எடுத்தால் அது வேறு தொல்லை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று வேண்டும். குடும்பத் தலைவரும் நோயாளியும் சேர்ந்தே போய்விட்டால் இரண்டாம் நடை மிச்சம்.

குடும்ப அட்டையில் நோயாளியின் பெயர் இருக்க வேண்டும். இங்கே தடுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் மகன் வீட்டில் இருக்கும் அப்பா, அம்மா. வசிப்பது கொளத்தூரில், பெயர் இன்னும் ஊர் அட்டையில். யாருடைய அட்டையில் பெயர் இருக்கிறதோ அந்தக் குடும்பத்தின் காப்பீடுதான் செல்லும். பெயர் மாற்றம் தேவை என்றால் அதை முதலில் முடியுங்கள்.

இன்னொன்று. தனியார் மருத்துவமனையில் காசு கட்டிவிட்டு அப்புறம் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறலாம் என்று நினைக்காதீர்கள், இது அந்த மாதிரித் திட்டம் இல்லை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைதானா என்று கேட்டு, அங்குள்ள காப்பீட்டு மேசையில் அட்டையைக் கொடுத்து, அனுமதி வந்த பிறகு சிகிச்சை.

9. டயாலிசிஸுக்கு இடம் பிடித்தல்

அட்டை இருந்தும் இடம் கிடைக்காமல் தவிப்பவர்கள் உண்டு. ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ஓமந்தூரார், கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை என்று ஒரே நேரத்தில் பல இடத்தில் பெயர் பதிந்து வையுங்கள். மாநகராட்சி நடத்தும் மையங்களையும், டேங்கர் பவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு குறைந்த செலவில் நடத்தும் யூனிட்டுகளையும் கேளுங்கள். அதிகாலை, இரவு ஷிப்டுக்குச் சரி என்றால் சீக்கிரம் கிடைக்கும்.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். இது 2021-இல் வந்த திட்டம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிய வேண்டும்.

10. மாத உதவித்தொகை, மாற்றுத்திறனாளி அட்டை

60 வயது தாண்டிய ஆதரவற்றவர் என்றால் முதியோர் உதவித்தொகை, கணவரை இழந்த ஆதரவற்ற பெண் என்றால் அதற்கான உதவித்தொகை, இரண்டும் மாதம் 1,200 ரூபாய். தாசில்தார் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு இதைப் பார்க்கிறது. கிட்னி நோய் இங்கே தகுதி ஆகாது. வயதும் ஆதரவின்மையும்தான் தகுதி. டாக்டர் கடிதத்தை இணைக்கலாம், ஆனால் விண்ணப்பத்தில் நோயைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதிவிட்டு, யார் துணையுமில்லை என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

சர்க்கரையால் பார்வை குறைந்தவர்கள், விரலோ காலோ எடுத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், காது கேளாதவர்கள் அந்தக் குறைபாட்டுக்காக யு.டி.ஐ.டி. அட்டைக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) விண்ணப்பிக்கலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். விண்ணப்பத்தில் நோய் என்ற இடத்தில் சிறுநீரகம் என்று எழுதாதீர்கள். கண்ணுக்கு என்றால் கண் ரிப்போர்ட், காலுக்கு என்றால் ஆபரேஷன் சம்மரி. கண் பிரச்சினை உள்ளவர்கள் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் முழுப் பரிசோதனை செய்து, அந்தத் தாளோடு மருத்துவக் குழு முன் போவது நல்லது.

11. வரி, ரயில், சொந்தக் காப்பீடு

வருமான வரி கட்டுபவர்களுக்கு: 1961 சட்டத்தின் 80டிடிபி பிரிவில் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உண்டு. 60 வயதுக்குக் கீழ் 40,000 வரை, மேல் என்றால் 1,00,000 வரை சிகிச்சைச் செலவைக் கழிக்கலாம். பழைய வரி முறையில் மட்டும். காப்பீட்டில் கிடைத்த தொகையைக் கழித்துவிட்டுக் காட்ட வேண்டும், நெப்ராலஜிஸ்ட்டின் மருந்துச்சீட்டு வேண்டும். சார்ந்திருக்கும் உடன்பிறந்தவருக்கும் இது பொருந்தும் என்பதால் அண்ணனின் செலவை நான் காட்டி வந்தேன். 80யு பிரிவைக் காட்டாதீர்கள், அது மாற்றுத்திறனாளி சான்று உள்ளவர்களுக்கு. 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு, ஆடிட்டரிடம் எண்ணைச் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைக்கோ ரயிலில் வருபவர்களுக்கும் கூட வரும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி.யில் 75 சதவீதம் சலுகை. மருத்துவமனை தரும் அதற்கான படிவத்தோடு கவுண்டரில்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

சொந்தமாக எடுத்த பாலிசிகளை ஒரு முறை பிரித்துப் படியுங்கள். கிரிட்டிக்கல் இல்னஸ் (கடும் நோய்) என்ற கூடுதல் சேர்க்கை இருந்தால், தொடர் டயாலிசிஸ் தேவைப்படும் சிறுநீரகச் செயலிழப்பு வழக்கமாக அதில் இருக்கும். இரண்டு சிறுநீரகமும், மீளாதது, டயாலிசிஸ் தொடங்கிவிட்டது, இம்மூன்றையும்தான் கம்பெனி தேடும். 4-ஆவது படிக் கடிதத்தை அப்படியே கொடுக்கலாம்.

12. மறுத்தால்

வாய்மொழியாக "உங்களுக்கு வராது" என்றால் அது மறுப்பு ஆகாது. எழுத்தில் காரணம் கேளுங்கள். பாதிச் சமயம் எழுத்தில் கேட்டதுமே கோப்பு நகரும். மாநில அரசு சம்பந்தப்பட்டது என்றால் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் புகார் பதிந்து, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பி.எப். புகாருக்கு அவர்களின் இணையக் குறைதீர் தளம் இருக்கிறது, மின்னஞ்சலைவிட அதுவே வேகம். தனியார் காப்பீடு என்றால் முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும். மறுத்தாலோ 30 நாளில் பதில் இல்லையென்றாலோ தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம், கட்டணம் கிடையாது, ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

13. பணம் வரத் தொடங்கிய பிறகு

பி.எப். பென்ஷனுக்கு ஆண்டுக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், மறந்தால் பணம் நிற்கும். பெஞ்சில் என்னோடு உட்காரும் ஓர் அக்காவின் கணவர் பிரிண்டிங் பிரஸ்ஸில் இருந்தவர், விரல் ரேகை மெஷினில் விழவே இல்லை. மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். போனில் முகத்தைக் காட்டியே அந்தச் சான்றைக் கொடுக்கலாம் என்று டயாலிசிஸ் டெக்னீஷியன் பையன்தான் சொன்னான். அடுத்த முறை அவர் மெஷினில் படுத்திருக்கும்போதே போனை நீட்டி, கண் சிமிட்டச் சொல்லி, பத்து நிமிடத்தில் முடித்தோம்.